பிசிறு மெத்தை

அம்மா அப்போது ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். தைத்து வரும் பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறுகளை நாள் முழுக்க நின்றுகொண்டே கட்டரால் வெட்ட வேண்டும். இப்போது நானும் அந்த வேலைதான் பார்க்கிறேன் என்பதால், அந்தக் கால்வலியைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

தென்காசிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த எங்களுக்கு லைன் வீட்டில் ஒரே ஓர் அறை. அடுப்பும் அதற்குள்தான். வாசலில் இருந்த வேப்பமரத்தில் குருவிக்கும் அணிலுக்கும் வீடு கட்டுவதென்று நானும் தம்பியும் வீட்டுக்காரர் மகளும் முடிவெடுத்தோம். கம்பெனி அட்டைப்பெட்டி ஒன்று கிடைத்தது. மாடி குருவிக்கு, கீழ்த்தளம் அணிலுக்கு. கேட் வைக்காவிட்டால் அது வீடே இல்லை என்றாள் வீட்டுக்காரர் மகள். தம்பி டிவிக்கு இடம் கேட்டான். நான் தனிச் சமையலறைக்காக இரண்டு நாள் சண்டை போட்டேன். அணில் சமைக்காது என்பது மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மெத்தை என் பொறுப்பு. வேலை முடிந்து வந்து அம்மா சுவரில் சாய்ந்ததும் மடியில் ஏறிக்கொள்வேன். தலைமுடியிலும் சேலையிலும் ஒட்டியிருக்கும் பிசிறுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குவேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு தலையைக் காட்டுவாள்.

குருவி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அணில் குடிவந்து குட்டியும் போட்டுவிட்டது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒரு குட்டி பெட்டி வாசலில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. என் நூல் அதன் பின்னங்காலில் இறுகிக் கால் வீங்கியிருந்தது. தாய் அணில் கிளைக்குக் கிளை ஓடிக் கத்தியது. வாரத்தில் அம்மா கண்ணயரும் ஒரே மதியம் அது. வேறு வழியில்லாமல் எழுப்பினேன்.

கட்டரோடு வந்தவள் பெட்டியை இறக்கிப் பார்த்தாள். “ஏட்டி, இத யாரு உள்ள வச்சா?”

நான் தம்பியின் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

“செத்துப் போயிருமுங்களா, அக்கா?” என்று வீட்டுக்காரர் மகள் அம்மாவிடம் அழுதாள்.

“செத்த நேரம் சும்மா இருங்கட்டி. நூலு கண்ணுக்குத் தெரியணும்லா.”

தூக்கம் தெளியாத கண்களோடு, தோலில் படாமல் நூலை மட்டும் வெட்டினாள். குட்டி நொண்டிக்கொண்டே நகர்ந்தது. எல்லாக் குட்டிகளையும் முந்தானையில் ஏந்திக்கொண்டு, பெட்டியிலிருந்த பிசிறு முழுவதையும் பொறுக்கி எடுத்துவிட்டுக் காய்ந்த இலைகளைப் பரப்பினாள். அது முடிவதற்குள் அடுப்பு பற்றவைக்கும் நேரம் வந்துவிட்டது.

மறுநாளிலிருந்து அம்மா தெருமுனையிலேயே தலையையும் சேலையையும் உதறிவிட்டு வந்தாள். பொறுக்க ஒன்றுமில்லாததால் மடியில் ஏறவும் எனக்குக் காரணம் இல்லாமல் போயிற்று. அவளுக்கு என்மேல் கோபம் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். அணிலுக்காக உதறினாள் என்பது அப்போது புரியவில்லை. நான் பிசிறு பொறுக்கும் அந்தப் பத்து நிமிஷம்தான் அவளுக்கும் ஓய்வு, அதையும் சேர்த்தே உதறிவிட்டாள் என்பதும் புரியவில்லை.

நான் கம்பெனி விட்டு வரும்போது உதறுவதில்லை. அப்படியே வந்து சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்கிறேன். மடியில் ஏறிக்கொள்ளும் என் மகளுக்கு ஆறு வயது.