கொம்பு தனி, கால் தனி

அட்டைக்காரி என்றால் தெருவில் எல்லாருக்கும் தெரியும். புத்தகங்களுக்கு அட்டை வடிவமைப்பவள். வீட்டின் முன்னறைதான் அலுவலகம். மேசையின் ஒரு பாதியில் கணினி, மறுபாதியில் அக்கா மடித்து வைத்த துணி. பதிப்பாளர் கூப்பிட்டால் வேலை. கூப்பிடாவிட்டால் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கலாம்.

ஒரு திங்கட்கிழமை கூப்பிட்டார்.

“இப்பல்லாம் அட்டையைப் பாத்து யாரும்மா வாங்குறாங்க? ஃபோன்ல அரை நிமிஷம் வீடியோ ஓடினாத்தான் திரும்பிப் பாக்குறாங்க. இனிமே அட்டையும் வீடியோவும் ஒரே ஆள்கிட்டதான். தலைப்பு எழுத்து எழுத்தா வந்து விழணும். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்ள ஒண்ணு செஞ்சு காட்டுங்க. இன்னொருத்தர்கிட்டயும் கேட்டிருக்கேன்.”

“எனக்கு வீடியோ தெரியாதே, சார்.”

“கத்துக்குங்க. என் பேத்தியே செய்யுது.”

அவளுக்கு வேலை தருபவர் அவர் ஒருவர்தான். கற்றுக்கொள்ள உட்கார்ந்தாள். இணையத்தில் பாடம் எடுத்தவர் மூச்சு விடாமல் பேசினார். அவள் நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடி கேட்டாள். படத்தை நகர்த்த வந்துவிட்டது. இசை சேர்க்கவும் வந்துவிட்டது. தலைப்பில்தான் மாட்டிக்கொண்டாள்.

புத்தகத்தின் பெயர் ‘கோடையில் தொலைந்தவன்’. எழுத்து எழுத்தாக வரவைக்கும் பொத்தானை அழுத்தியதும், முதலில் ஒரு மொட்டை ‘க’ வந்து நின்றது. பின்னாலேயே கொம்பும் காலும், நடுவில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தன. ‘தொ’வுக்கும் ‘லை’க்கும் அதே கதி. பாடம் எடுத்தவரின் மொழியில் எழுத்துக்குக் கொம்பே கிடையாது. அவருக்குக் கேள்வி எழுதிப் போட்டாள். பதிலாக ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

அக்கா எட்டிப் பார்த்தாள். “என்னடி, யாரோ அடிச்சுப் போட்ட மாதிரி கெடக்கு?”

“இதை எப்படிக்கா குடுக்கிறது?”

“குடுத்துட்டுப் போயேன். எவ உக்காந்து பாக்கப் போறா?”

அட்டைக்காரியால் முடியாது. அட்டையில் ஒரு புள்ளி தள்ளி நின்றாலே அவளுக்குக் கை பரபரக்கும். ஒவ்வோர் எழுத்தையும் தனிப் படமாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனியாக அசைவு கொடுத்தாள். வெள்ளிக்கிழமை காலையில்தான் முடிந்தது. பழைய கணினி; வீடியோவாக மாற்றும்போது பாதியில் உறைந்தது. மறுபடி தொடங்கினால் மறுபடியும் உறைந்தது. உறைந்தால் மென்பொருளைப் புதுப்பிக்கச் சொல்லியிருந்தார் பாடக்காரர். புதுப்பித்தாள். அக்கா மேசை விசிறியைக் கணினிப் பக்கம் திருப்பி வைத்தாள். ஒருவழியாக அனுப்பியபோது மாலையாகிவிட்டது.

“வந்துச்சும்மா, சுத்தமா இருக்கு,” என்றார் பதிப்பாளர். “ஆனா அந்த இன்னொருத்தர் மதியமே அனுப்பிட்டார். அதையே போட்டாச்சு. பாருங்க.”

பார்த்தாள். மொட்டை ‘க’. கொம்பு. புள்ளி வட்டம். கால்.

“சார், எழுத்தெல்லாம் உடைஞ்சிருக்கு!”

“அதான் எல்லாருக்கும் புடிச்சிருக்கு! தொலைஞ்சவன் கதைக்கு எழுத்தும் தொலைஞ்சு தொலைஞ்சு வருதாம். என்னா யோசனைங்கறாங்க.” சிரித்தார். “அவருக்கு அட்டை வராது, அதான் யோசிக்கிறேன். திங்கட்கிழமைக்குள்ள இதே மாதிரி உடைச்சு ஒண்ணு குடுத்தீங்கன்னா வேலை உங்களுக்குத்தான்.”

“உடைச்சா?”

“ஆமாம்மா. அழகா.”

கணினி முன் உட்கார்ந்து ‘கோ’வின் கொம்பைப் பிரித்துத் தள்ளி வைத்தாள். அது ‘க’வின் தலைக்கு நேராக, அளந்து வைத்ததுபோல நின்றது. இன்னும் தள்ளினாள். அங்கேயும் ஒழுங்காகத்தான் நின்றது.

“என்னடி பண்ற?”

“உடைக்கிறேன்கா. வர மாட்டேங்குது.”

“அன்னைக்கு ஒரு பொத்தானை அழுத்துனியே, அதுவே உடைச்சுதே?”

ஆமாம் அல்லவா! அவசரமாகத் தலைப்பைப் புதிதாக அடித்து, பொத்தானை அழுத்தினாள்.

புதுப்பித்த மென்பொருளில் ‘கோ’ முழுசாக வந்து நின்றது. அடுத்து ‘டை’. அடுத்து ‘யி’.

“அட, சரியாயிடுச்சுடி!” என்று அக்கா கைதட்டினாள்.

அட்டைக்காரி மறுபடி அழுத்திப் பார்த்தாள்.