நான் போட்ட சரி அடையாளங்கள்

எங்கள் தேயிலைத் தோட்ட லயத்துப் பிள்ளைகளின் கிளினிக் அட்டைகளை நான்தான் நிரப்பினேன். அந்த முறை தந்தவை எல்லாம் சிங்களத்தில் அச்சானவை. சிங்களம் பேச எல்லோருக்கும் வரும். வாசிக்க, உயர்தரம் வரை படித்த எனக்கு மட்டும்தான் வரும். கிளினிக்கில் பிள்ளைகளை எடை நிறுக்கும் நாளுக்கு முதல் நாள் மாலை, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு அம்மாமார் நேரே எங்கள் வாசலுக்கு வருவார்கள்.

"வரிசையா நில்லுங்கடி, எங்க டாக்டரம்மா வருவா" என்பார் மாமியார். அவருக்கு அப்படியொரு பெருமை.

நான் கேள்வியை வாசிப்பேன், அவர்கள் சொல்வதைக் குறிப்பேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை திரும்பிப் பார்க்கிறதா? வேண்டியதை விரலால் காட்டுகிறதா?

"தகரத்துல தட்டினாலும் திரும்ப மாட்டேங்குறான் தங்கச்சி. அவுங்க அப்பன் மாதிரியே திமிரு" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. "நீ உள்ளதப் போடு."

"இல்லை" என்று போட்டேன்.

கடைசியாக என் மகளின் அட்டை. அவளுக்கும் அக்காவின் மகனைப் போலவே பதினைந்து மாதம். மழைச் சத்தத்துக்குத் திரும்புவாள், என் குரலுக்குத் திரும்பமாட்டாள். மாமியார் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாக் கட்டத்திலும் சரி போட்டேன். அடுத்த மாதம் திரும்பிவிடுவாள், அப்போது இது பொய்யாக இருக்காது என்று நினைத்தேன். வீட்டில் யாரும் இல்லாதபோது அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டுப் பார்ப்பேன். இரண்டு தடவை திரும்பினாள். அந்த இரண்டையே பிடித்துக்கொண்டு ஒன்றரை வருடத்துக்கு மேல் ஓட்டினேன். படித்தவள் எழுதியது என்று மிட்வைஃப் மிஸ்ஸும் மறுபடி கேட்கவில்லை.

அக்காவின் மகனை அப்போதே காது டாக்டரிடம் அனுப்பினார்கள். இப்போது காதில் மெஷினோடு என்னை "அத்தே" என்று கூப்பிடுகிறான்.

என் மகளுக்கு மூன்று வயதாகியும் ஒரு சொல் வரவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் அட்டையைப் புரட்டினார்.

"அப்போ எல்லாம் சரியா இருந்திருக்கே. கூப்பிட்டா திரும்புறது எப்ப நின்னுச்சு?"

"ஆமாங்க, எங்க மருமக சரியாத்தான் எழுதியிருப்பா" என்றார் கூட வந்த மாமியார்.

"நிக்கல டாக்டர். அது நான் பொய்யாப் போட்டது."

அவர் திட்டவில்லை. பேச்சுப் பயிற்சியை அந்தப் பதினைந்தாம் மாதத்திலேயே தொடங்கியிருக்கலாம் என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீடு திரும்பும் பலாங்கொடை பஸ்ஸில் மாமியார் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தார். மகள் என் மடியில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு வரும்வரை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட எனக்குத் துணிவு வரவில்லை.