மூடியின் உட்பக்கத்துப் பெயர்

என் சின்னம்மா மகள் பள்ளிபாளையத்தில் மணப்பெண் அலங்காரம் செய்கிறாள். என்னைவிட நான்கு வயது இளையவள். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். இரண்டு வருடமாக நான் தேடிய ஒன்றை அவள் எட்டே நாளில் கண்டுபிடித்தாள். அந்த எட்டு நாளும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்னால் அது மிகை. இறங்கியது, ருசிக்கவில்லை.

நான் கருவியியல் படித்தவள். சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு சோதனைக் கூடத்தில் வேலை. ஆலைகளிலிருந்து வரும் பிரஷர் கேஜ்களும் வெர்னியர்களும் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்த்துச் சான்று தருவோம். வேலைக்கு வெளியே எனக்குப் பழைய பாக்கெட் கடிகாரங்கள்.

ஒரு காலத்தில் நகைக்கடைக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து கடிகாரங்களை வரவழைத்து, முகப்பில் தங்கள் கடைப்பெயரை எழுதி விற்றார்கள். செய்தவன் பெயர் உள்ளே எங்கோ பொடி எழுத்தில் இருக்கும்; இல்லாமலும் இருக்கும். அந்தக் கடைக்காரர்கள் யார், எந்தத் தெருவில் கடை வைத்திருந்தார்கள் என்று தேடுவதுதான் என் பொழுதுபோக்கு. இதே பைத்தியம் பிடித்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். இணையத்தில் சேர்ந்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். ஊர், கடை, ஆதாரம், கண்டுபிடித்தவர் என்று நான்கு பத்திகள். அதில் சென்னை இருக்கிறது, பெங்களூர் இருக்கிறது. சேலத்துக்கு ஒரு வரி இல்லை. அந்த முதல் வரியும் அதன் கடைசிப் பத்தியில் என் பெயரும் எனக்கு வேண்டும். வேறு எதற்கும் நான் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

என் கடிகாரம் சேலத்தில் ஒரு வெள்ளிக்கடையில், உருக்கப் போகும் கொலுசுகளுக்கு நடுவே கிடைத்தது. முகப்பில் எழுத்து தேய்ந்து ஒரு நிழல்தான் மிச்சம். பின்மூடியைத் திறந்தால் உட்பக்கத்தில் தமிழில் இரண்டு இனிஷியலும் ஒரு பெயரும் இருந்தன. சேலத்தில் கிடைத்ததால் சேலத்துக் கடை, உள்ளே இருப்பது கடைக்காரர் பெயர் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

அதன்பின் பார்த்தவை: கும்பாபிஷேக மலர்களின் விளம்பரப் பக்கங்கள், பள்ளி ஆண்டு மலர்கள், பழைய கல்யாணப் பத்திரிகைகள், நூலகத்தில் இருந்த வணிகர் விவரப் புத்தகங்கள். கடைவீதியில் தலைமுறையாக நகைக்கடை வைத்திருக்கும் பதினோரு பேரையும் பார்த்தேன். பதினோரு பேரும் கையை விரித்தார்கள். ஒருவர், "காது குத்தோணும்னா சொல்லுங்க, பண்ணிக் குடுக்கறேன்" என்றார்.

சின்னம்மா புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று கடிகாரம் என் பையில் இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு சின்னம்மா மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

"என்னங்கக்கா, டப்பாவுக்குள்ள கைக்கொழந்தையாட்டம் பொத்தி வெச்சிருக்கீங்க?"

காட்டினேன். மூடியைத் திறந்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"இது யாரு செஞ்ச சீருங்கக்கா?"

"சீரெல்லாம் இல்ல. கடைக்காரர் பேரு அது. அவரைத்தான் தேடிட்டிருக்கேன்."

"அட போங்கக்கா! கல்யாணத்துக்குக் கொடம் குடுத்தா, குடுக்கறவங்க பேர வெட்டுவமா, கொடம் பண்ணுனவன் பேர வெட்டுவமா?"

சின்னம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "இதுக்காடி ரெண்டு வருசமா ஊட்டுப் பக்கம் வராம சுத்துனே?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் குறிப்பில் 'எழுத்தின் வகை' என்று ஒரு பத்தி உண்டு. அதில் நானே எழுதியிருந்தேன்: புள்ளி புள்ளியாக, உளியால் தட்டியது. நகைக்கடையில் செதுக்குபவர் கோடாக இழுப்பார். புள்ளி வைத்துத் தட்டுபவர் பாத்திரக் கடையில் பெயர் வெட்டுபவர். மூடியின் வெளிப்பக்கம் அந்தப் புள்ளிகள் எவ்வளவு புடைத்திருக்கின்றன என்றுகூட அளந்து எழுதியிருந்தேன். எங்கள் வீட்டுச் சொம்புகளில் அம்மாவின் தாய்மாமன் பெயர் இதே புள்ளிகளில் இருக்கிறது. அதில் தண்ணீர் குடித்து வளர்ந்தவள் நான்.

அதோடு முடிந்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவள் மூடியைப் படம் எடுத்து, தன் வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டாள். "இந்தப் பேரு வெட்டுன பாத்திரம் ஆரூட்லயாச்சும் இருக்குதுங்களா?" அவள் அலங்கரித்த பெண்களின் அம்மாக்கள் அத்தனை பேரும் அதைப் பார்க்கிறவர்கள். ஐந்தாம் நாள் பரமத்தி வேலூர்ப் பக்கமிருந்து ஒரு பித்தளைக் குடத்தின் படம் வந்தது. அதே இனிஷியல், அதே பெயர். கடைசி எழுத்தின் கோணல்கூட அதேதான். கூடவே ஒரு குரல் செய்தி: "எங்கூட்டுக்காரரோட தாத்தன் பேருங்க அது. அவரு கடியாரம் ஒண்ணு பொட்டியோட இருக்குதுங்க."

எட்டாம் நாள் அவளுடைய ஸ்கூட்டரில் போனோம். நான் கொண்டு போனவை: உருப்பெருக்கிக் கண்ணாடி, மூடி திறக்கும் கத்தி, கையுறை, வெள்ளைத் துணி, கேமரா. அவள் கொண்டு வந்தது ஒரு கைப்பை.

கொடிக்காலை ஒட்டிய வீடு. வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்த, குரல் செய்தி அனுப்பிய அம்மா ஈரக் கையோடு எழுந்து வந்து அவள் கன்னத்தைத் தொட்டார்.

"வா சாமி. எம்புள்ளைக்கு நீ பின்னியுட்ட சடைய இன்னும் பேசறாங்க." பிறகு என்னைப் பார்த்தார். "இந்தப் புள்ள ஆரு? உங்கிட்ட வேலை பாக்குதா?"

"எங்க பெரியம்மா மவளுங்க. இஞ்சினியரு. இவங்களுக்காகத்தானுங்க வந்ததே."

அவர் தலையாட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை. பெட்டி வந்ததும் நான் கையுறை மாட்டி, கத்தியை எடுத்தேன்.

"கத்தியெல்லாம் வேண்டாஞ் சாமி. பாப்பாவே தொறக்கட்டும்."

பாப்பா கட்டைவிரல் நகத்தால் மூடியை நெம்பினாள். ஒரே நெம்பில் திறந்தது. கீறல் விழாமல் அதைத் திறக்க நான் மூன்று வாரம் பழகியிருக்கிறேன்.

பெட்டியின் உட்புறப் பட்டுத் துணியில் ஆங்கிலத்தில் பொன்னெழுத்துகள்: ஒரு நகைக்கடையின் பெயர், ஒரு தெரு, சேலம். முகப்பிலும் அதே பெயர், தேயாமல். உள்ளே இருந்த எண் என் கடிகாரத்தின் எண்ணுக்கு அடுத்தது. தாத்தா இரண்டு வாங்கி, ஒன்றைத் தங்கை மகன் கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்து, மற்றதைத் தனக்கு வைத்துக்கொண்டாராம். அந்த அம்மா சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன். துள்ளிக் குதித்திருக்க வேண்டிய நேரம். கடைப்பெயரை அவள் எழுத்துக்கூட்டி உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். அதை முதலில் படிப்பதாவது நானாக இருந்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

திரும்பும் வழியில், பட்டியலில் கண்டுபிடித்தவர் பெயர் போட வேண்டும் என்றேன்.

"எம்பேரெல்லாம் எதுக்குங்கக்கா? அதப் பாத்துட்டு எவ மேக்கப்புக்குக் கூப்படப் போறா?"

சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மூன்று நாள் அந்த வரியை அனுப்பாமல் வைத்திருந்தேன். முதலில் என் பெயரை மட்டும் எழுதினேன். ஆனால் ஆதாரம் என்ற பத்தியில் குடம் எப்படிக் கிடைத்தது, பெட்டி எப்படிக் கிடைத்தது என்று எழுத வேண்டும். எப்படி எழுதினாலும் அவள் வந்து நின்றாள். கடைசியில் இரண்டு பெயரும் போட்டேன். எங்கள் பட்டியலில் எல்லாமே அகர வரிசை. அதன்படி அவள் பெயர்தான் முன்னால் வர வேண்டும். நான் என் பெயரை முன்னால் போட்டேன். தொகுப்பாளர் ஏன் என்று கேட்டார். வயது வரிசை என்று பதில் எழுதினேன். ஏற்றுக்கொண்டார்.

பட்டியல் வெளியான அன்று இணைப்பை அவளுக்கு அனுப்பினேன். ஏதோ கல்யாண மண்டபத்திலிருந்து, மேளச் சத்தத்துக்கு நடுவே பதில் வந்தது. யாரிடமோ காட்டிக்கொண்டே பேசியிருக்கிறாள். "பாருங்க, எங்கக்கா பேரு மொதல்ல இருக்குது. அதுக்கு அடுத்தது நானு!"

அந்தக் குரலில் ஒரு துளியாவது வருத்தம் இருக்கிறதா என்று மூன்று முறை போட்டுக் கேட்டேன். இல்லை.