மேல்கட்டுப் பீலி

தேயிலைத் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளுக்கு மேலே ஒரு மண்கட்டு இருந்தது. மேல்கட்டு என்போம். மலையிலிருந்து இறங்கும் ஓடை மழைக்காலத்தில் வெறிபிடித்து வரும் என்பதால், அதை மறித்துப் பையப் பைய விடுவதற்காக எப்போதோ ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டுவித்தது. நடுவில் ஒரு மடை, அதில் ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து பலகைகள். மழைக்கு முன்பே பலகைகளை எடுத்துக் கட்டைக் காலியாக வைத்திருந்தால், வருகிற வெள்ளம் அதற்குள் நின்று அடங்கிப் போகும். இவ்வளவுதான் சங்கதி. ஒன்பது வயதில் எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கட்டின் அடியில் தண்ணீர் விழுந்த மூங்கில் பீலி மட்டும்தான்.

அந்தப் பீலியைக் கண்டுபிடித்தவர் கடைசிக் காம்பரா அத்தை. சொந்த அத்தை இல்லை. லயத்தின் கடைசி வீட்டில் இருந்ததால் அப்படி ஒரு பெயர். மாட்டுக்குப் புல் அறுக்கப் போனவர், கட்டின் அடியில் ஓர் இடத்தில் தண்ணீர் கசிவதைப் பார்த்து, மூங்கிலைப் பிளந்து சொருகிவிட்டார். பளிங்கு போலத் தண்ணீர் விழுந்தது. மறுநாளே பக்கத்தில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார். மாரியம்மன் கொடுத்த தண்ணீர் என்று லயம் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

அதுவரை நாங்கள் கீழே ஆற்றுக்குப் போய்த்தான் தண்ணீர் எடுத்தோம். வழுக்கும் கல்படிகள் நூற்றுக்கு மேல். முந்திய வருடம் அம்மா வயிற்றில் பிள்ளையோடு, இடுப்பில் குடத்தோடு அந்தப் படியில் விழுந்தாள். டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஐந்தாம் நாள் வெறுங்கையோடு வந்தாள். வந்த அன்று சாயங்காலமே குடத்தை எடுத்துக்கொண்டு அதே படியில் இறங்கினாள். இப்போது மறுபடியும் முழுகாமல் இருந்தாள். பீலியோ வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அதனால் பீலி எனக்குச் சாமிதான்.

அப்பாவுக்கு மட்டும் அது சாமியாகப் படவில்லை. அவர் தோட்டத்தில் கான் வெட்டுகிறவர்; மலைச்சரிவில் மழைத்தண்ணீர் ஓடும் வாய்க்கால்கள்தான் கான்கள். மேல்கட்டின் பலகைகளும் அவர் பொறுப்பு. பீலியைப் பார்த்த அன்றே முகம் சுருங்கிவிட்டது.

"இது ஊத்துத் தண்ணி இல்ல. கட்டு ஒழுகுது. பலகைய எடுத்துட்டா இது நின்னுரும், பாருங்க" என்றார்.

நின்றுவிடும் என்றதுதான் தப்பாகப் போயிற்று. பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் அவர்மேல் பாய்ந்தார்கள். அத்தை, "ஏன் தம்பி, நாங்க ரெண்டு சொட்டுத் தண்ணி குடிக்கிறது ஒங்களுக்குப் பொறுக்கலயா?" என்று கேட்டார். புதுத் துரையும் தேயிலை நாற்றுக்குத் தண்ணீர் வேண்டும், பலகையில் கைவைக்காதே என்று சொல்லியிருந்தார். வைகாசி வந்தது, வானம் கறுத்தது, கட்டு நிறைந்தே இருந்தது. அப்பா கணக்கப்பிள்ளையிடம் நாலு தடவை போய்ச் சொன்னார். செவிடன் காதில் ஊதிய சங்குதான். ஐந்தாம் தடவை, தொல்லை விட்டால் போதும் என்று கணக்கப்பிள்ளை ஒரு வழி சொன்னார். பீலியில் மண்ணெண்ணெய் டின் ஒன்றை வைத்து, அது நிறைகிறவரை எண்ண வேண்டும். தண்ணீர் வேகமாக வந்தால் எண்ணிக்கை குறையும். நாற்பதுக்குக் கீழே வந்தால் துரையிடம் தான் பேசிக்கொள்வதாகவும், அப்பா பலகையை எடுத்துவிடலாம் என்றும் சொன்னார்.

"ஆனா ஒனக்கு நாப்பது வரைக்கும் எண்ண வருமாப்பா?" என்று சிரித்தார்.

"எம் மக எண்ணுவாங்க. மூணாம் வகுப்புப் படிக்கிறா" என்றார் அப்பா. அவர் அப்படித் தலையை நிமிர்த்திப் பேசி அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

அப்படித்தான் அந்த வேலை என் கைக்கு வந்தது. சாயங்காலம் அப்பா கட்டின்மேல் மடையில் அடைத்த செத்தைகளை இழுத்துப் போடுவார். நான் கீழே டின்னை வைத்து எண்ணுவேன். "அவசரப்படாத. மம்முட்டி ஓங்கி விழுகுற மாதிரி எண்ணணும். ஒண்ணு... ரெண்டு..." என்று சொல்லிக் கொடுத்திருந்தார். முதல் நாள் அறுபத்தைந்து. மழை தொடங்கியபின் ஐம்பத்திரண்டு, நாற்பத்தேழு, நாற்பத்தொன்று. எண்ணிக்கை குறையக் குறைய லயத்தில் சந்தோஷம் கூடிற்று. குடம் சீக்கிரம் நிறைந்தால் யாருக்குத்தான் கசக்கும்? "அம்மன் வாரிக் குடுக்குறா தாயி" என்று அத்தை என் கன்னத்தை வழித்து முத்தமிட்டார்.

மறுநாள் முப்பத்தெட்டில் டின் நிறைந்துவிட்டது.

பக்கத்தில் அம்மா குடத்தோடு நின்றாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன், டின்னைப் பார்த்தேன். டின்னைக் கவிழ்த்துவிட்டு மறுபடி வைத்து எண்ணினேன். இந்தத் தடவை கொஞ்சம் வேகமாக. ஐம்பது வந்தது. நான் பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்றுகூட விடாமல் எண்ணி வந்த ஐம்பதுதானே.

"எத்தன?" என்று மேலேயிருந்து அப்பா கேட்டார்.

"அம்பது!"

"மழ பேயுது... எப்படிக் கூடும்?" என்று தனக்குள் பேசிக்கொண்டார். பிறகு, "எம் மக எண்ணுனா சரியாத்தான் இருக்கும்" என்று இறங்கி வந்தார். எட்டு நாள் இப்படி நடந்தது. ஒவ்வொரு நாளும் முந்திய நாளைவிட வேகமாக எண்ண வேண்டியிருந்தது. கடைசி இரண்டு நாளும் மூச்சு வாங்கிற்று.

ஒன்பதாம் நாள் மழை விடவே இல்லை. மத்தியானம் சாப்பிட வந்த அப்பா, அம்மா முந்தானையில் தண்ணீர் வடிகட்டுவதைப் பார்த்தார். தண்ணீர் பால் ஊற்றாத பிளேன்டி நிறத்தில் இருந்தது. அப்பா குடத்துக்குள் கையை விட்டு, அடியில் இருந்த மண்ணை விரலால் தேய்த்துப் பார்த்தார். டின்னை எடுத்துக்கொண்டு பீலிக்கு நடந்தார். நானும் பின்னால் ஓடினேன். அவரே டின்னை வைத்து, அவரே உரக்க எண்ணினார். மம்முட்டி விழுவதுபோல, ஒவ்வொன்றாக. பதினாலில் டின் வழிந்தது.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அடிக்கவில்லை, திட்டவில்லை. அந்தப் பார்வைக்குப் பதில் இரண்டு அறை விழுந்திருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

அடுத்த நிமிடம் கத்திக்கொண்டே கட்டின்மேல் ஏறினார். "எல்லாரும் பெரட்டுக் களத்துக்கு ஓடுங்க! எதையும் எடுக்காதீங்க, ஓடுங்க!" காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற அந்தக் களம் மேட்டில் இருந்தது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் ஏறினேன். பன்னிரண்டு வீட்டுச் சனமும் வந்து சேர்ந்தது. அங்கிருந்து பார்த்தால் கட்டும் தெரியும், லயமும் தெரியும். அப்பா மூன்று பலகைகளைப் பிடுங்கிவிட்டார். நாலாவது ஊறிப்போய் அசையவில்லை. அப்போதுதான் அத்தை, "ஐயோ, மாட்ட அவுக்கலியே!" என்று இறங்கி ஓடினார். யாரோ முந்தானையைப் பிடித்தார்கள். உருவிக்கொண்டு போய்விட்டார்.

பீலி இருந்த இடம் முதலில் வாய் பிளந்தது. மஞ்சள் பூசிய கல், மூங்கில், அதற்குமேல் இருந்த மண் எல்லாம் சேர்ந்து போயின. அப்பா கடைசி நொடியில் மறுகரைக்குத் தாவிவிட்டார். லயத்தின் கடைசி மூன்று காம்பராக்கள் இருந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் மாடு மட்டும் கயிறில்லாமல் மேட்டுக்கு ஏறி வந்தது. அத்தை வரவில்லை. அந்தக் கயிற்றை அவிழ்த்தது அத்தையின் கைதான்.

மூன்றாம் நாள் துரையின் ஆபீஸ் வாசலில் விசாரணை. அத்தையின் புருஷன் ஒரு தூணில் சாய்ந்து நின்றார். பீலியில் எண்ணியது யார் என்று துரை கேட்டார்.

"நாந்தாங்க" என்றார் அப்பா.

கணக்கப்பிள்ளை குறுக்கிட்டார். "மக எண்ணுவான்னு சொன்னியே?"

"அது சும்மா பெருமைக்குச் சொன்னதுங்க. பச்சப்புள்ளய அந்த வேலைக்கு விடுவனுங்களா? நாந்தான் எண்ணுனேன். எனக்கு இருவதுக்கு மேல எண்ணத் தெரியாதுங்க. தப்பாச் சொல்லிட்டேன்."

அந்தத் துக்கத்திலும் யாரோ சிரித்தார்கள். அத்தையின் புருஷன் சிரிக்கவில்லை. அப்பாவின் முகத்தில் காறித் துப்பினார். அப்பா அதைத் துடைக்காமல் நின்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. துரைக்குப் பயந்து அப்பா உளறுகிறார் என்று நினைத்தேன். என் பெயர் வராமல் போனதில் உள்ளுக்குள் நிம்மதியாகவும் இருந்தது, அதுதான் கொடுமை. அதைவிடக் கொடுமை, இருபதுக்கு மேல் எண்ணத் தெரியாதவர் என் அப்பா என்று நான் வெட்கப்பட்டது. பலகையைத் திறக்கவிடாத துரையைப் பற்றி யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

எங்களைக் கந்தப்பளைப் பக்கம் வேறொரு தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பேச்சும் கூடவே வந்து சேர்ந்தது. அங்கேயும் அப்பாவுக்கு 'இருவது' என்றுதான் பெயர். அந்த வருடமே தம்பி பிறந்தான், நல்லபடியாக. புது இடத்திலும் தண்ணீர் கீழேதான் இருந்தது. அப்பா அம்மாவை ஒருநாளும் குடம் எடுக்க விடவில்லை. வேலைக்குப் போகுமுன் அவரே இறங்கிக் கொண்டுவருவார். ஆம்பிளை குடம் தூக்குவதைப் பார்த்து அதற்கும் சிரித்தார்கள்.

எனக்குப் பதினொரு வயதிருக்கும். ஒரு காலையில் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தேன். தோளில் ஒரு குடம், இடுப்பில் தம்பி, அப்பா படியேறி வந்துகொண்டிருந்தார். தம்பிக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டு வந்தார். மம்முட்டி விழுவது போன்ற அதே நிதானம். "தொண்ணூத்தெட்டு... தொண்ணூத்தொம்பது... நூறு... நூத்தியொண்ணு..." நூற்று முப்பத்திரண்டில் வாசலுக்கு வந்துவிட்டார். ஓரிடத்திலும் தடுக்கவில்லை.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உள்ளே ஓடி, "அம்மா, அப்பா எண்ணப் படிச்சிட்டாரு!" என்றேன்.

அம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"அவருக்கு எப்பவும் தெரியும்டி" என்றாள்.

புருஷனை எந்தப் பெண்தான் விட்டுக்கொடுப்பாள் என்று நினைத்துக்கொண்டு, நான் விளக்குமாற்றை எடுக்கப் போனேன்.