எங்கள் காலனி அடிபம்பு

கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் எங்கள் காலனியின் நடுவில் ஓர் அடிபம்பு இருந்தது. அதன் மேல் ‘குடிக்க உதவாது’ என்று சிவப்புப் பெயின்டில் எழுதிவிட்டு அதிகாரிகள் போன நாளில், தெருவே கூடி நின்று அதைப் படித்தது. அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன்; அவர் மட்டும் வெளியே வரவில்லை.

அந்தப் பம்பு எளிதில் வந்ததல்ல. அதற்கு முன் எங்கள் பெண்கள் நிலக்காரர்களின் கிணற்றடியில் குடத்தோடு காத்திருக்க வேண்டும். அவர்கள் இறைத்து ஊற்றினால்தான் தண்ணீர். எதிர் வீட்டு அத்தைதான் பெண்களைத் திரட்டிக்கொண்டு பஞ்சாயத்து அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, ஒருநாள் வாசலிலேயே உட்கார்ந்து, போர் போட வைத்தாள். தண்ணீர் வந்ததும் பம்புக்கு மஞ்சள் குங்குமம் வைத்தவளும் அவள்தான். சொந்த அத்தையல்ல, நைனாவை அண்ணா என்று கூப்பிட்டதால் எனக்கு அத்தை.

பிறகு சுற்றிலும் கம்பெனிகள் வந்தன. அதுவரை நாற்று நட, களை பறிக்கப் போன நைனாவுக்கு ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை கிடைத்தது. நான் ஆறாவது படிக்கும்போது ஒருநாள், பம்புத் தண்ணீரை இனி நம் வீட்டில் யாரும் வாயில் வைக்கக் கூடாது என்றார். காரணம் சொல்லவில்லை. அன்றிலிருந்து ரயில் பாதைக்கு அந்தப் பக்கமுள்ள ஊரிலிருந்து சைக்கிளில் இரண்டு கேன் தண்ணீர் கட்டிக்கொண்டு வருவார். யாராவது கேட்டால், பம்புத் தண்ணீர் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா சொல்ல வேண்டும். கம்பெனி வேலை கிடைத்ததும் திமிர் வந்துவிட்டதென்று தெரு பேசியது. எங்களுக்காகப் பரிந்து பேசியவள் அத்தை ஒருத்திதான்.

பெயின்ட் அடித்த நாளுக்குள் அவளுக்கு இரண்டு கிட்னியும் போயிருந்தன. அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“உனுக்கு அப்பவே தெரியுமாண்ணா?”

நைனா தரையைப் பார்த்தபடியே பேசினார். கம்பெனிக் கழிவைப் பாழடைந்த போர்க் கிணறு ஒன்றுக்குள் விட்டதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். “வெளிய சொன்னா வேல பூடும்னு கம்முனு இருந்துட்டேம்மா.”

அத்தை சத்தம் போடவில்லை. “ஊருக்குச் சொல்லியிருக்க வாணாண்ணா. என்கிட்ட சொல்லியிருந்தா, நானும் ஒரு கேன் தூக்கினு வந்திருப்பேன்” என்றாள்.

நைனாவை வெறுக்கப் பலமுறை முயன்றிருக்கிறேன். அந்த வேலையின் சம்பளத்தில் படித்துவிட்டு, இன்று காக்களூரில் ஓர் அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவள் நான். என் வெறுப்பு பாதி வழியிலேயே வெட்கப்பட்டு நின்றுவிடுகிறது.

போன வருஷம் அத்தை இறந்துபோனாள். தெருவின் அகலம் பத்தடிகூட இருக்காது; நைனாவால் அதைக் கடக்க முடியவில்லை. நான் போனேன். என்னோடு படித்த அவள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க ஊட்ல எல்லாரும் நல்லா கீறீங்களா?” என்று கேட்டாள். குத்திக்காட்டினாளா, சும்மா விசாரித்தாளா, தெரியவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறோம்.