அஞ்சலை அக்கா இறக்கிய எல்லைக்கோடு

பிரிஞ்சாங்கில் முட்டைக்கோஸ் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது அஞ்சலை அக்காவின் மகன் குமரனின் அழைப்பு வந்தது. "மாமா, அம்மா காலையில தவறிட்டாங்க. டீ கலக்கி வச்சுட்டு உட்கார்ந்தவங்க எந்திரிக்கல." பாதி இறக்கிய லோரியை அப்படியே விட்டுவிட்டு, நண்பர் ஒருவரின் காரில் எங்கள் மலையூர் கோலா தெர்லாவுக்குத் திரும்பினேன். அக்கா வீட்டு வாசலில் கூடாரம் கட்டிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர், ஒரு காலத்தில் அவரோடு முகம்கொடுத்துப் பேசாதவர்கள். நானும் அப்படி இருந்தவன்தான். அதனாலேயே இதை எழுதும் கடமை எனக்கு இருப்பதாக நினைக்கிறேன்.

அஞ்சலை அக்கா தேயிலைத் தோட்டத்தில் பல ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். கணவர் இறந்த பிறகு, தோட்டத்துக்கு மேலே காட்டோரமாக இருந்த நிலத்தில் செவ்வந்தி பயிரிட்டார். அங்கே ஏழு பேருக்குக் கொல்லைகள் இருந்தன; கெபுன் என்றுதான் சொல்வோம். எல்லாமே ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிமத்தில் இருந்த நிலங்கள். என் முட்டைக்கோஸ் கொல்லையும் அதில் ஒன்று. ஏழு பேரின் விளைச்சலையும் என் லோரிதான் ஏற்றிப்போகும்.

ஒருமுறை மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் தொட்டி சேற்றால் அடைத்துக்கொண்டது. லயத்துப் பெண்கள் சேற்றை வாரிக்கொண்டிருக்க, அக்காவும் உதவிக்குப் போனார். குழாய் வாயிலிருந்து, செவ்வந்திச் செடி சாயாமல் இருக்கக் கட்டும் வலை ஒன்றை இழுத்தெடுத்தார்கள். யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. அக்காவே சொன்னார்: "இது என் கெபுன் வலை. இந்த மண்ணும் என்னுதுதான்." லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேறு வீடுகளுக்குள் புகுந்ததை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்தச் சேற்றில் தன் மண்ணும் இருக்கலாம் என்று எங்களில் யாரும் வாய்திறந்து சொன்னதில்லை.

அடுத்த ஆண்டு, மலை முகட்டில் இருந்த காப்புக்காட்டைச் சரிவு வரை நீட்டப்போவதாக அறிவிப்பு வந்தது. வரைபடத்தில் கோடு எங்கள் ஏழு கொல்லைகளையும் வெளியே விட்டு வளைந்து போயிருந்தது. நிலம் தப்பியது என்று நாங்கள் நிம்மதியடைந்தோம். அக்கா மட்டும் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லயத்துத் தொட்டிக்குப் போற ஊத்து நம்ம கெபுனுக்கு அடியிலதானே வருது. அத வெளிய விட்டுட்டு, மேல இருக்கிற மரத்துக்கு மட்டும் காவல் போட்டு என்ன செய்ய?" கோடு கொல்லைகளுக்குக் கீழே ஓடும் ஓடை வரை இறங்க வேண்டும், தன் கொல்லையும் அதற்குள் வர வேண்டும் என்று அவர் மனுக் கொடுத்தார்.

"அப்புறம் நாம எதுல சாப்பிடுறதும்மா?" என்று குமரன் கேட்டான்.

"கை ரெண்டும் நல்லாத்தானே இருக்கு" என்றார்.

கோடு இறங்கினால் எங்கள் நிலமும் போகும் என்பதால், மற்ற ஆறு பேர் சார்பில் எதிர்ப்புக் கடிதம் எழுதியவன் நான். அதோடு நிற்கவில்லை. ஒரு வாரம் அவருடைய பூப்பெட்டிகளை லோரியில் ஏற்றாமல் சாலையோரத்திலேயே விட்டுவிட்டுப் போனேன். அவர் அவற்றைப் பேருந்தில் கொண்டுபோய் விற்றார். இன்றும் சொல்லக் கூசுகிற செயல் அது.

தானா ராத்தா நகரில் மனு மீதான விசாரணை நடந்த அன்று காலையில், என் லோரி அருகே அக்கா நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"என்னையும் ஏத்திக்க தம்பி. நீ எதிர்த்துப் பேசு, நான் என் பக்கத்தப் பேசுறேன். போற இடம் ஒண்ணுதானே."

வழி முழுக்கப் பூ விலையையும் என் மனைவியின் மூட்டுவலியையும் பற்றித்தான் பேசினார்.

விசாரணையில் அதிகாரி மலாயில், பெரியம்மா என்பதுபோல் "மக்சிக்" என்று அழைத்து, "உங்கள் நிலமும் போய்விடுமே, புரிகிறதா?" என்று கேட்டார். "புரிந்துதான் கேட்கிறேன். முதலில் என்னுடையதைச் சேருங்கள், அப்புறம் இவர்களைக் கேளுங்கள்" என்றார் அக்கா. அதிகாரியின் பென்சிலை வாங்கி, வரைபடத்தில் கோட்டைத் தன் கொல்லை வழியாக ஓடை வரை இறக்கினார். அடுத்து நான் எழுந்து, எழுதிக்கொண்டு போனதைத் தலை நிமிராமல் படித்து முடித்தேன்.

திரும்பும்போது, "நல்லாத்தான் பேசின தம்பி. ஆனா தண்ணியப் பத்தி ஒரு வார்த்தகூட வரலையே" என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. நான் எதையோ மறந்துவிட்டதுபோல் நினைவூட்டினார், அவ்வளவுதான்.

வெகு நாள் கழித்து அரசிதழில் எல்லை வெளியானது. ஒப்புக்கொண்டவரின் நிலம் உள்ளே, எதிர்த்தவர்களின் நிலம் வெளியே. அதாவது அக்காவின் கொல்லை மட்டும் காடானது. "கிழவிக்குப் புத்தி பெரண்டு போச்சுலா" என்று கடைகளில் சிரித்தார்கள். அவர் தன் கையாலேயே பிளாஸ்டிக் கூரையைப் பிரித்தார், வலைகளைச் சுருட்டினார், இன்னொருவரின் கொட்டகையில் பூ தரம் பிரிக்கும் வேலைக்குப் போனார். நிலத்தை நினைத்து அவர் அழுததை ஒரே ஒருமுறை பார்த்ததாகக் குமரன் சொல்கிறான். என்னிடம் அவர் சொன்னது இதுதான்: "ஒரு துண்டு வந்திருக்கு. மிச்சத்துக்கு எழுதணும்."

அன்றிலிருந்து ஒரு மனுவைக் கையில் வைத்துக்கொண்டு ஆறு பேரையும் விடாமல் பார்த்துவந்தார். யாரிடமும் சண்டை போட்டதில்லை. இரண்டு பேர் கையெழுத்திட்டார்கள். என்னிடம் மாதம் ஒருமுறையாவது, "யோசிச்சியா தம்பி?" என்பார். "அடுத்த நடவு முடியட்டும்க்கா" என்பேன். "முடியட்டும், நான் வாரேன்" என்பார். வருவார்.

இப்போது மழைக்காலத்தில் லயத்துத் தொட்டியில் இறங்கும் சேறு குறைந்திருக்கிறது. நிற்கவில்லை. மீதிச் சேறு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் குமரனிடம் அந்த மனுவைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான். யார் முகம் திருப்பினாலும் மறுபடி அவர்கள் வாசலுக்கே போய் நிற்கும் அந்தப் பழக்கத்தையும் வைத்துக்கொள்ள முடியுமா என்று பார்க்கிறேன். மனுவில் மூன்றாவது கையெழுத்து இப்போது என்னுடையது. இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். நாளை காலை அவர்களில் முதலாமவர் வீட்டுக்குப் போகிறேன்.