மூன்று நாள் விறகு

அகுலினாவுக்குக் கோபம் வந்து ஐந்து குளிர்காலம் ஆகிறது. இன்னும் இறங்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில்தான் அவள் அக்கா வர்வாரா தூக்கத்திலேயே செத்துப்போனாள். அடுப்பில் கங்கு கறுப்பதற்கு முன்பே அக்கா புருஷன் கவ்ரில் புகைபோக்கித் தகட்டைத் தள்ளி மூடிவிட்டு, பக்கத்து வீட்டுக்குச் சீட்டாடப் போயிருந்தான். நீலச் சுவாலை அடங்கும்வரை தகட்டைத் தொடக் கூடாது, தொட்டால் வீட்டுக்குள் விஷக்காற்று நின்றுவிடும் என்பது மண்ணே உறையும் யகூத்தியாவில் நடை பழகும் குழந்தைக்கும் தெரியும். கவ்ரிலோ சாவு வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம், "அவளுக்கு நெஞ்சு பலவீனம்" என்றான். அந்த வார்த்தையைத்தான் அகுலினாவால் மன்னிக்க முடியவில்லை.

தொழுவத்தில் பால் கறந்துவிட்டு வீடு திரும்பும்போது ஊரின் புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டே நடப்பாள். எங்காவது புகை நேரத்துக்கு முன்பே நின்றிருந்தால், கேட்காமல் உள்ளே போய்த் தகட்டை இழுத்துவிடுவாள்.

"எங்க வீட்டுச் சூட்டை எதுக்குடி தெருவுல கொட்டுற?" என்று மார்ஃபா ஒருமுறை சண்டைக்கு வந்தாள்.

"உனக்குக் குழி வெட்ட உறைஞ்ச மண்ணை இளக்கணும்னா மூணு நாள் நெருப்பு போடணும். அந்த விறகை இப்பவே போட்டுத் தொலையேன்."

ஜனவரியில் ஒரு நாள், குளிர் பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பத்து மூன்று டிகிரிக்கு இறங்கியிருந்தது. தொழுவத்துக்குப் போகும்போது கவ்ரில் வீட்டில் அப்போதுதான் புகை எழும்பியது. லார்ச் மரக் கட்டை எரிந்து அடங்க மூன்று மணி நேரமாவது ஆகும். ஒன்றரை மணி நேரத்தில் திரும்பி வந்தபோது புகைபோக்கியின் வாய் வெறுமையாக இருந்தது.

நின்றாள். இமையில் பனி ஒட்டியது. 'அவனுக்கும் நெஞ்சு பலவீனம்னு ஊர்ல சொல்லிக்கட்டும்' என்று நினைத்தபடி பத்தடி நடந்தாள். பிறகு தன்னையே திட்டிக்கொண்டு திரும்பினாள்.

உள்ளே கவ்ரில் கட்டிலில் பூட்ஸோடு கிடந்தான். அடுப்பில் நீலம் ஆடிக்கொண்டிருந்தது. தகட்டை இழுத்தாள், கதவை உதைத்துத் திறந்தாள், அவனைச் சட்டைக் காலரைப் பிடித்து வாசல்வரை இழுத்துப் போட்டாள். அவன் வாந்தி எடுத்தான்.

"கதவைச் சாத்து பிள்ளை... குளிருது."

"குளிரட்டும். யாரு மூடச் சொன்னது?"

"விறகு கொஞ்சந்தான் கெடக்கு. நேரத்தோட மூடினா சூடு நிக்குமேன்னு..."

"அன்னிக்கும் இதுதானா?"

அவன் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"அன்னிக்கு விறகு நிறைய இருந்துச்சு. சீட்டாட நேரமாச்சுன்னு மூடினேன்."

இதைக் கேட்டுவிட்டால் ஆறிவிடும் என்று ஐந்து வருஷமாக நினைத்திருந்தாள். ஆறவில்லை. தகட்டை அதன் பொருத்திலிருந்தே உருவி எடுத்தாள். கையுறையைத் தாண்டிச் சுட்டது. அப்படியே வீட்டுக்குக் கொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் தகட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவன் வீட்டுக்கு வருகிறாள். கம்பளிக்கோட்டைக் கழற்றாமல் அடுப்பின் முன் உட்கார்ந்து, கடைசி நீலம் போகும்வரை கங்கைக் கிளறுகிறாள். பிறகு தகட்டைச் செருகிவிட்டுப் போகிறாள். காலையில் வந்து உருவிக்கொள்கிறாள். அவன் வைக்கும் பால் தேநீர் தொடப்படாமலே ஆறுகிறது.

"நான் அன்னிக்கே போய்ச் சேர்ந்திருந்தா உனக்கு நிம்மதிதானே?" என்றான் ஒரு நாள்.

அவள் கங்கிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"மூணு நாள் நெருப்பு போடணும். உனக்கு அவ்வளவு விறகு தர மாட்டேன்."